ஒன்பதாம் நாள் பாதை

காலை ஆறே முக்காலுக்கு மலையடிவார விடுதியின் வாசலில் பஸ் எங்களை இறக்கிவிட்டுத் திரும்பிப் போனது. இறங்கியது நானும் என் மாமியாரும் மட்டும். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. விடுதிச் சமையலறையில் யாரோ ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார்கள். வாசலில் ஒரு மேசை, அதன்மேல் தடித்த நோட்டு, நூல் கட்டிய பேனா. நடக்கப் போகிறவர்கள் பெயரையும் கிளம்பும் நேரத்தையும் எழுதிவிட்டுத்தான் போக வேண்டும்.

அத்தை எழுதினார். எழுதி முடித்ததும் பேனாவைக் கீழே வைக்காமல் பக்கங்களைப் பின்னால் புரட்ட ஆரம்பித்தார்.

“அத்தை, வேணாமே.”

“பாத்துட்டு மூடிடறேன்.”

பதினோரு மாதங்களுக்கு முந்தைய பக்கத்தில் என் கணவரின் சாய்ந்த கையெழுத்து இருந்தது. கிளம்பிய நேரம் ஏழு பத்து. குறிப்பு என்ற கட்டத்தில், ‘நல்ல வெயில். ஷூ புதுசு. கால் பாவம்’ என்று எழுதியிருந்தார். அத்தை அந்த வரியின்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு நோட்டை மூடினார்.

அந்தப் பாதை மொத்தம் இருபத்தொரு நாள் நடை. மலைத்தொடரின் ஒரு முனையில் தொடங்கி மறுமுனையில் முடியும். ஒவ்வொரு நாள் தூரத்துக்கும் ஒரு விடுதி. மொத்தமாக லீவு கிடைக்காதவர்கள் துண்டு துண்டாக நடப்பார்கள். என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். மாடி மாடியாக இறங்கி ஏறியது போதாதென்று லீவு நாளில் மலை ஏறுகிறவர். இரண்டு வருஷத்தில் எட்டு நாள் பாதையை முடித்தார். ஒன்பதாம் நாள் பாதையை நடக்க இதே வாசலில் இருந்து தனியாகக் கிளம்பினார். அன்று சாயங்காலம் அடுத்த விடுதிக்குப் போய்ச் சேரவில்லை.

மீட்புக் குழு ஆறு நாள் தேடியது. அதன் தலைவரை எல்லாரும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். ஏழாம் நாள் காலை அவர் எங்கள் முன்னால் வந்து நின்று தொப்பியைக் கழற்றினார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரிந்தது. அத்தைக்குப் புரியவில்லை. “டீ குடிச்சிட்டு மறுபடி போங்க தம்பி” என்றார்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் ஆஸ்பத்திரியில் காது சோதிப்பவள். சத்தமே புகாத ஒரு சின்ன அறையில் ஆட்களை உட்காரவைத்து, யாருக்கு எவ்வளவு கேட்கிறது என்று பார்ப்பது என் வேலை. அந்த அறைக்குள் போனை எடுத்துப் போகக் கூடாது. அவர் காணாமல் போன அன்று மதியம் இரண்டு நாற்பதுக்கு என்னை மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார். என் போன் லாக்கரில் கிடந்தது. நான் திருப்பிக் கூப்பிட்டபோது அவர் போன் அணைந்திருந்தது. ஊராருக்கெல்லாம் காது பார்த்தவள், கட்டினவர் கூப்பிட்டது காதில் விழாமல் உட்கார்ந்திருந்தேன். இதை அத்தை ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

“ஒரே ஒரு நாள். அவன் நடக்காத அந்தத் தூரத்தை நான் நடந்துடறேன். அதுக்கப்புறம் உன்னை எதுக்கும் தொந்தரவு பண்ண மாட்டேன்” என்று அத்தை கேட்டதால்தான் வந்தேன். எனக்கும் ஒரு காரணம் இருந்தது. வேறு ஊரில் வேலை கிடைத்திருந்தது. கையெழுத்தும் போட்டுவிட்டேன். அன்று நடந்து முடித்ததும், விடுதியில் உட்கார்ந்து மெதுவாகச் சொல்லலாம் என்று இருந்தேன்.

முதல் மூன்று மணி நேரம் காட்டுக்குள் ஏற்றம். பாறைகளிலும் மரங்களிலும் சிவப்பு வெள்ளைப் பட்டை தீட்டியிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டே போனால் போதும். அத்தைக்கு வயது அறுபத்திரண்டு. முப்பத்தொரு வருஷம் பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சர். விசில் டீச்சர் என்றால்தான் ஊரில் தெரியும். அந்த விசில் அன்றும் அவர் கழுத்தில் தொங்கியது. என் மூச்சு இரைப்பதைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தார்.

“என்ன, சைக்கிள் பம்பு மாதிரி சத்தம் வருது?”

“நீங்க மெதுவா போனா வராது.”

“இதுக்கு மேல மெதுவா போனா பின்னாலதான் போகணும்.”

சிரித்தேன். அவரும் சிரித்தார். பதினோரு மாதத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தது அதுதான் முதல் தடவை.

பத்து மணிக்கு மரங்கள் முடிந்தன. அதற்குமேல் மலைமுகடு. இரண்டு பக்கமும் புல் சரிவு, நடுவில் ஆள் அகலத்துக்கு ஒரு தடம். மதியம் ஒரு பாறை நிழலில் ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பிட்டோம். சொல்லிவிடலாமா என்று வாயெடுத்தேன். அத்தை முட்டையை உரித்து என் கையில் வைத்தார். சொல்லவில்லை.

ஒன்றரை மணிக்கு இடது பக்கச் சரிவின் அடியிலிருந்து பனிமூட்டம் ஏறி வந்தது. பால் பொங்கி வருகிற மாதிரி, அவசரமில்லாமல், சத்தமில்லாமல். பத்து நிமிஷத்தில் அடுத்த பட்டை தெரியவில்லை. ஈரக் கம்பளி வாசனை. அதற்கு அடியில், துருப்பிடித்த இரும்பை நாக்கில் வைத்த மாதிரி ஒரு வாடை.

“பயப்படாத. விடுதி இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தான். மூட்டம் வந்தா கால்மணிக்கு ஒரு தடவை மணி அடிப்பாங்களாம், காலைல போர்டுல எழுதியிருந்துச்சு. தடத்த விட்டு இறங்காம இருந்தா போதும்” என்றார் அத்தை.

அவர் சொல்லி முடிக்கவும், கீழேயிருந்து அந்தக் குரல் வந்தது.

“அம்மா.”

அத்தை நின்றார். நானும் நின்றேன்.

“அம்மா, இங்க இருக்கேன். கால் மாட்டிக்கிச்சு. கொஞ்சம் கீழ வாங்க.”

என் கணவரின் குரல்.

அதைப் போன்ற குரல் என்று சொல்லவில்லை. அவர் குரலேதான். ‘கொஞ்சம்’ என்பதை எப்போதும் கொஞ்சம் இழுத்துச் சொல்லுவார். அந்த இழுப்பு இருந்தது.

“குட்டி!” அத்தை தொண்டை கிழியக் கத்தினார். “குட்டீ! அம்மா வந்துட்டேன்டா!”

அவர் தடத்தை விட்டு இடது பக்கம் இறங்கியபோது நான் தடுக்கவில்லை. பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது? நானும் ஓடினேன். பதினோரு மாதம் ஒரு மனிதன் மலைச்சரிவில் உயிரோடு இருக்க முடியாது என்று தெரிந்த புத்தி மேலேயே நின்றுவிட்டது. கால் மட்டும் இறங்கிவிட்டது.

ஈரப் புல்லில் வழுக்கி உட்கார்ந்து, எழுந்து, மறுபடி வழுக்கி இறங்கினோம். பத்து அடிக்கு ஒரு தடவை அந்தக் குரல் வந்துகொண்டே இருந்தது.

“இங்க இருக்கேன். கால் மாட்டிக்கிச்சு. கொஞ்சம் கீழ வாங்க.”

நூறடி இறங்கியிருப்போம். அப்போதுதான் என் காதுக்கு ஏதோ உறுத்தியது.

சத்தம் தூரத்திலிருந்து வரும்போது முழுசாக வராது. வழியில் தேயும். ‘ச’, ‘ஸ’ மாதிரி மெல்லிய ஒலிகள்தான் முதலில் சாகும். பனிமூட்டத்தில் இன்னும் மோசம். கிட்டப் போகப் போக ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். பதினான்கு வருஷமாக நான் பார்க்கிற வேலை இது. அந்தக் குரல் மேலே தடத்தில் நின்றபோது எப்படிக் கேட்டதோ, அப்படியேதான் நூறடி கீழேயும் கேட்டது. ஒரு துளி கூடவில்லை. ஒரு துளி தேயவில்லை. ஒவ்வொரு எழுத்தும், பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி.

ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கியது.

அத்தையின் பையைப் பிடித்து நிறுத்தினேன். “ஒரு நிமிஷம். நான் பேசறேன்.”

“என்ன பேச்சு இப்ப? வலியில துடிக்கறான் அவன்!”

“ஒரே ஒரு நிமிஷம் அத்தை.” மூட்டத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தேன். “என்னங்க, நான்தான். எந்தக் கால் மாட்டியிருக்கு?”

“கொஞ்சம் கீழ வாங்க.”

“வலது காலா, இடது காலா?”

“கொஞ்சம் கீழ வாங்க.”

சோதனை அறையில் கடைசியாக ஒன்று செய்வோம். நாங்கள் ஒரு வார்த்தை சொல்லுவோம், வந்தவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஏன் அது தோன்றியது என்று தெரியவில்லை. பழக்கம்தான்.

“நான் சொல்றத திருப்பிச் சொல்லுங்க,” என்றேன். “கப்பல்.”

சத்தமே இல்லை. புல்லிலிருந்து நீர் சொட்டுவது கேட்டது.

“கப்பல்,” என்றது மூட்டம்.

அது என் கணவரின் குரல் இல்லை.

என் குரல்.

அன்று எனக்கு லேசாகச் சளி பிடித்திருந்தது. அந்தச் சளிகூட அதில் இருந்தது.

அத்தை மெல்ல என் பக்கம் திரும்பினார். “நீயா சொன்ன?”

“நான் வாயே திறக்கல அத்தை.”

அவர் கை தானாக விசிலைத் தேடிக் கழுத்துக்குப் போனது. ஆனால் ஊதவில்லை. ஏனென்றால் அதற்குள் மறுபடி அவர் மகன் பேச ஆரம்பித்துவிட்டார். இந்த முறை வேறு வார்த்தைகள்.

“யாராவது இருக்கீங்களா? மேல யாராவது இருக்கீங்களா?”

கொஞ்சம் பொறுத்து, “போனை எடு. போனை எடு, காதுக்காரி. ப்ளீஸ்.”

என்னைக் காதுக்காரி என்று அவர் மட்டும்தான் கூப்பிடுவார்.

புல்லில் முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டேன். காதைப் பொத்தினேன். பொத்தினாலும் அது குறையவில்லை. உள்ளங்கைக்கு உள்ளே இருந்து பேசுகிற மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தது. குரல் மட்டும் மாறிக்கொண்டே வந்தது. முதலில் தெம்பாக. பிறகு கம்மி. பிறகு நாக்கு ஒட்டிக்கொண்டு.

“விடிஞ்சிடுச்சு போல... கேப்டன்னு யாரையோ கூப்பிடறாங்க. இங்க! இங்க இருக்கேன்! இந்தப் பக்கம் வாங்க!... ஏன் அந்தப் பக்கம் போறாங்க?... தண்ணி... அம்மா, கோவிச்சுக்காதீங்க... தண்ணி...”

அவர் இங்கே விழுந்து கிடந்து சொன்னதையெல்லாம் இந்த இடம் எடுத்து வைத்திருந்தது. ஒன்றுவிடாமல். இப்போது அதைப் பெற்றவளுக்கும் கட்டியவளுக்கும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது.

“ரெண்டு நாள் இருந்திருக்கான்.” அத்தையின் குரல் விசித்திரமாக அமைதியாக இருந்தது. “இல்ல, மூணு நாள். கேப்டன் ஆளுங்க ரெண்டாம் நாள்தானே வந்தாங்க. அதையும் கேட்டிருக்கான். என் பிள்ளை உயிரோட கெடந்திருக்கான். நான் கீழ ரூம்ல போர்வை போத்திப் படுத்திருந்தேன்.”

“அத்தை, மேல போயிடலாம். கேப்டன்கிட்ட இடத்தச் சொல்லலாம். அவங்க கயிறு போட்டு...”

“அவன் இங்கதான் இருக்கான். இன்னும் நாலு எட்டு.”

அவர் இறங்கினார். கால் பட்டு ஒரு கல் உருண்டது. புல்லில் இரண்டு தடவை தட்டிவிட்டு, பிறகு சத்தமில்லை.

ஒன்று. இரண்டு. மூன்று.

ரொம்பக் கீழே, டொக்.

நாங்கள் நின்றது சரிவின் விளிம்பு. அவர் பாதத்துக்கும் அந்த வெறுமைக்கும் நடுவில் ஒரு முழம் புல்தான் இருந்தது. பாய்ந்து அவர் பைப் பட்டையை இரண்டு கையாலும் பிடித்தேன்.

“விடுடி!”

பன்னிரண்டு வருஷத்தில் அவர் என்னை டி போட்டுப் பேசியதில்லை.

“விடமாட்டேன்.”

“நீதான் போகப் போறவளாச்சே! எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? ஆர்டர் வந்த கவரை நான்தான் வாங்கி வெச்சேன். போ! போய் நிம்மதியா இரு. என்னை என் பிள்ளைகிட்ட விடு!”

“போகல அத்தை! நான் எங்கயும் போகல!” அழுதுகொண்டே கத்தினேன். குதிகாலைப் புல்லில் ஊன்றினேன். மண் பெயர்ந்து வந்தது. அவர் என்னைவிட பலசாலி. இரண்டு பேருமாக விளிம்பை நோக்கி ஒரு சாண் நகர்ந்தோம். “அவர் கூப்பிட்டப்ப நான் எடுக்கல. அந்தப் பாவமே எனக்குப் போதும். நீங்களும் போயிட்டா நான் யாருக்குப் பதில் சொல்லுவேன்? மேல வாங்க அத்தை. உங்க கால்ல விழறேன், வாங்க!”

அவர் இழுப்பது நின்றது.

தோள் குலுங்கியது. திரும்பி என் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தார். அவர் இதயம் ஓட்டப்பந்தயம் முடித்த பிள்ளைகளுடையது மாதிரி அடித்துக்கொண்டிருந்தது.

அப்போது எங்கள் தலைக்கு மேலே, நாங்கள் இறங்கி வந்த பக்கமிருந்து, அத்தையின் குரல் சொன்னது.

“விடுடி!”

அதன் பக்கத்திலேயே என் அழுகை.

அத்தை என் காதோடு வாயை வைத்துக் காற்றாகச் சொன்னார். “இனிமே பேசாத. நாம குடுக்கறதத்தான் அது எடுத்துக்குது.”

தலையாட்டினேன். என் மஃப்ளரை எடுத்து அவர் இடது மணிக்கட்டையும் என் வலது மணிக்கட்டையும் சேர்த்துக் கட்டினேன். ஒரு இழுப்பு என்றால் நில். இரண்டு என்றால் நட. விரலைக் காட்டிப் புரியவைத்தேன்.

ஏறினோம். எந்தப் பக்கம் மேடு என்று கால்தான் சொல்லியது. இருபதடி போனதும் மேடு முடிந்து ஒரு பள்ளம் வந்தது. இறங்கும்போது இப்படி ஒன்று இருந்ததாக ஞாபகமில்லை. வலது பக்கம் திரும்பினோம். பாறை. இடது பக்கம் திரும்பினோம். மறுபடி அதே பள்ளம். எங்களைச் சுற்றி நாங்களே அழுதுகொண்டும் கத்திக்கொண்டும் இருந்தோம். முன்னாலும் பின்னாலும், சில நேரம் இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில். அந்த இரைச்சலில் விடுதி மணி ஒரு தடவைகூடக் காதில் விழவில்லை. நடுவில் என் கணவர் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் அத்தையின் மணிக்கட்டு என் கையில் துடித்தது. அவர் உதட்டைக் கடித்துக் கடித்து ரத்தம் வழிந்தது.

என் கை விறைத்துப்போயிருந்தது. மணி மூன்றே கால். இப்படியே ஐந்து மணிவரை சுற்றினால் குளிரே எங்களை முடித்துவிடும் என்று தோன்றியது. அது காத்துக்கொண்டிருப்பதும் அதற்குத்தானோ என்னவோ.

அத்தை நின்றார். விசிலை வாயில் வைத்தார். வேண்டாம் என்று தலையாட்டினேன். அவர் என்னைப் பார்த்தார். வேறு வழி இருந்தால் சொல் என்று கேட்கிற பார்வை. என்னிடம் வழி இல்லை.

ஆறு தடவை ஊதினார். நீளமாக.

மூட்டம் அதை விழுங்கியது.

பிறகு வலது பக்கத்திலிருந்து ஒரு மணிச்சத்தம் வந்தது. மூன்று அடி. கணீர் கணீரென்று, பித்தளையின் அதிர்வு அடங்குவது வரை சுத்தமாகக் கேட்டது. அத்தையின் முகம் மலர்ந்தது. மஃப்ளரை இரண்டு தடவை இழுத்தார்.

நான் நகரவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.

இடது பக்கமும் ஏதோ இருந்தது. சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது. யாரோ கம்பளிக்குள் சுற்றிய பாத்திரத்தைத் தட்டுகிற மாதிரி, மூக்கடைத்த மாதிரி, பாதி கரைந்து பாதி உடைந்து வந்தது. நின்றது. மறுபடி வந்தது. இந்த முறை காற்று கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும், ஒரு மயிரிழை கூடுதலாகக் கேட்டது.

வலது பக்க மணி மறுபடி அடித்தது. கணீர் கணீர் கணீர். அத்தை என்னைப் பிடித்து இழுத்தார். கண்ணாலேயே கெஞ்சினார்.

உலகத்தில் நிஜமாக இருக்கிற எதுவும் இரண்டு கிலோமீட்டர் மூட்டத்தைத் தாண்டி இவ்வளவு சுத்தமாக வராது. வழியில் அடிபடாமல் எதுவும் வந்து சேராது. பேசினால் இதைச் சொல்லியிருப்பேன். பேச முடியாது. அதனால் அத்தையின் கையை எடுத்து என் காதின்மேல் வைத்தேன். பிறகு என் நெஞ்சின்மேல் வைத்தேன். பிறகு இடது பக்கம் காட்டினேன்.

அவர் என்னையே பார்த்தார்.

பிறகு மஃப்ளரை இரண்டு தடவை இழுத்தார். இடது பக்கம்.

உடைந்த சத்தத்தைப் பிடித்துக்கொண்டே போனோம். கட்டாத கைகளை ஊன்றித் தவழ்ந்து ஏறினோம். ஒரு இடத்தில் என் குரல் காதுக்குள்ளேயே, “நான் எங்கயும் போகல” என்றது. கேட்காத மாதிரி ஏறினேன். உள்ளங்கையில் சொரசொரப்பாக ஏதோ பட்டது. பாறை. பாறையில் சிவப்பு வெள்ளைப் பட்டை.

அத்தை அந்தப் பட்டையில் கன்னத்தை வைத்து அழுதார். சத்தம் வராமல்.

விடுதிக்குப் போய்ச் சேர்ந்தபோது நாலே முக்கால். மணிக் கயிற்றைப் பிடித்தபடியே நின்றிருந்த விடுதிக்காரம்மா எங்களைப் பார்த்ததும் கயிற்றை விட்டுவிட்டு ஓடி வந்தார். கம்பளி போர்த்தினார், சூடாக டீ கொடுத்தார். “விசில் கேட்டுச்சு, அதான் நிறுத்தாம அடிச்சிட்டே இருந்தேன்” என்றார். பேச்சு வர ஒரு மணி நேரம் ஆனது. வந்ததும் அத்தை கேட்டது போன்.

மறுநாள் காலை வெயிலில் கேப்டனின் ஆட்கள் கயிறு கட்டி இறங்கினார்கள். விளிம்புக்கு நாற்பதடி கீழே ஒரு திட்டில் அவர் இருந்தார். வலது கால் இரண்டு பாறைகளுக்கு நடுவில். போன் கைநழுவிப் பத்தடி தள்ளி உடைந்து கிடந்தது.

பக்கத்துப் பாறையில் கல்லால் நான்கு கோடு கீறியிருந்தது. நான்கு நாள் உயிரோடு இருந்திருப்பார் என்றார்கள்.

கேப்டன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஆஜானுபாகுவான மனிதர். தொப்பியை இரண்டு கையாலும் கசக்கிக்கொண்டிருந்தார். “அன்னிக்கு நாங்க அவர் குரலைக் கேட்டோம்மா. உங்ககிட்ட சொல்லல. கேட்ட பக்கமெல்லாம் போனோம். எல்லாமே வலது பக்கச் சரிவு. ஒவ்வொரு தடவையும் கிட்டப் போனா நின்னுடும். எதிரொலியா இருக்கும்னு நெனச்சேன். இந்தப் பக்கம் ஒரு தடவை இறங்கிப் பாத்திருந்தா...”

அவர்களை வலது பக்கம் இழுத்த அது, எங்களை ஏன் இடது பக்கம் கூப்பிட்டது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. முதலில் கேட்ட அந்த “அம்மா” மட்டும் நிஜமாகவே அவருடையதாக இருக்குமோ என்று அத்தை ஒரு நாள் கேட்டார். இருக்கலாம் என்றேன்.

அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். செய்ய வேண்டியதைச் செய்தோம். புது வேலைக்கு வரவில்லை என்று எழுதிப் போட்டேன். அன்று ராத்திரி என் தட்டில் இரண்டு முட்டை இருந்தது. மெல்ல மெல்ல வீட்டில் பேச்சு திரும்பியது. தூக்கமும் கொஞ்சம் வந்தது. ஐந்து வாரம் அப்படிப் போனது.

போன ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி. துவைத்த துணியை நானும் அத்தையும் எதிரும் புதிருமாக நின்று மடித்துக்கொண்டிருந்தோம். போன் அடித்தது. கேப்டன்.

“எங்கம்மா இருக்கீங்க?”

“வீட்லதான். ஏன்?”

“அத்தை?”

“இதோ, பக்கத்துல நிக்கறாங்க.”

மறுமுனையில் காற்று இரைந்தது.

“என்ன ஆச்சு சார்?”

“நேத்து நடந்து போன ரெண்டு பேர் விடுதிக்கு வரல. தேடி வந்தோம். மூட்டம் புடிச்சிருக்கு. கீழ சரிவுலேர்ந்து...” அவர் குரலைத் தாழ்த்தினார். “ரெண்டு பொம்பளைங்க கூப்பிடறாங்க. ஒருத்தங்க அழுவறாங்க. என் ஆளு ஒருத்தன், புதுசா சேர்ந்த பையன், கயிறு கட்டாமயே இறங்கிட்டான். நான் சொல்றத கேக்க மாட்டேங்கறான். அம்மா, அது உங்க குரல்.”

என் கையிலிருந்த துணி விழுந்தது.

“ஸ்பீக்கர்ல போடுங்க! போனை அந்தப் பக்கம் காட்டுங்க!” என்று அலறினேன். அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டு போனுக்குள் கத்தினார். இரண்டு பேரும் சேர்ந்து கத்தினோம். “இறங்காதீங்க! தம்பி, மேல ஏறு! நாங்க இங்க இருக்கோம், வீட்ல இருக்கோம்! அது நாங்க இல்ல! மேல ஏறுப்பா!”

கத்தி மூச்சு முட்டி நிறுத்தினோம். போனில் காற்று மட்டும் கேட்டது. தூரத்தில் ஒரு சின்னக் குரல், அந்தப் பையனுடையது, குழப்பத்தோடு கேட்டது. “ரெண்டு பக்கமும் கேக்குதே... யாரு? எந்தப் பக்கம் வரணும்?”

நான் வாயைத் திறப்பதற்குள், ரொம்ப நிதானமாக, ரொம்பப் பிரியமாக, நான் ஒரு நாளும் சொல்லாத வார்த்தைகளில், என் குரல் அவனுக்குப் பதில் சொல்லிவிட்டது.

“இங்க இருக்கேன். கொஞ்சம் கீழ வாங்க.”